தார் பூசிய பாலம்

மனிதச் சங்கிலி நடத்திவிட்டால் பழைய மரப்பாலத்தை இடிக்க மாட்டார்கள் என்று எங்கள் வீட்டில் அனைவரும் நம்பியிருந்தோம். வாலிநோக்கத்துக்கு அருகே, உப்பு ஏற்றிய ரயில் ஒரு காலத்தில் உப்பங்கழியைக் கடந்த பாலம் அது. அதன் கால்களுக்கு நாங்களே புதிதாகத் தார் பூசியிருந்தோம்.

பாலத்தை இடிக்கக் கூடாதென்ற மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் வள்ளம் கட்டும் அந்த ஓடாவியைச் சந்தித்தேன். உப்புக்காற்றில் வெளுத்த புருவங்கள். எந்த மரத்தைக் கடந்தாலும் விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார். பாலத்தின் கால்களையும் அப்படியே கேட்டார்.

"மேல தார் பூசிட்டீக தங்கச்சி. உள்ள கடல்புழு தின்னுருச்சு. பாலத்த வேணா வச்சுக்கோங்க, ஆள ஏத்தாதீக."

ஞாயிறன்று மனிதச் சங்கிலிக்காகப் பாலத்தில் ஏறினோம், பள்ளிப் பிள்ளைகளோடு. கீழே அவர் வள்ளத்தில் கயிற்றுச் சுருளுடன் அண்ணாந்து நின்றார். ஒன்றும் நேரவில்லை.

"பாத்தீகளா பாய், தாங்கிருச்சு," என்றேன், இறங்கியதும்.

"அதான் பயமா இருக்கு. இனி நான் சொன்னா எவன் கேப்பான்? நாளைக்குப் புள்ளைக தானா ஏறும்."

நாங்கள் வீடு திரும்பினோம். அவர் மட்டும் பாலத்தின் காலில் வள்ளத்தைக் கட்டிவிட்டு, அதிலேயே உட்கார்ந்திருந்தார்.