சப்தமியன்றே கிளம்பிவிட்ட பை

போன வருடம் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு போட்டோக் கடையில் நடந்தது இது.

என் கணவருக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை. நானும் எங்கள் மூன்று வயது மகளும் திருச்சியில் மாமியாருடன் இருந்தோம். எங்களை அழைத்துக்கொள்வதற்கான குடும்ப பாஸுக்கு விண்ணப்பித்துப் பல மாதங்களாகியும் பதில் இல்லை. அதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டாவது வருவோமே என்று, முப்பது நாள் தங்கும் அனுமதியில் கிளம்பினோம்.

ஊரைச் சுற்றிப் பார்ப்பதைவிட, அவருடைய போனுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை. இரண்டு வருடமாக வீடியோ காலில் அவர் தலைக்குப் பின்னால் ஒரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். சாலாக் செலாத்தானில் அவர் குடியிருந்த வீட்டுக்குள் நுழைந்ததும், முதல் வேலையாக அந்தச் சுவரைக் கண்டுபிடித்து அதன் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒரு ஜன்னல், துணி காயும் கொடி, பக்கத்து வீட்டுச் சீன அம்மாவின் செம்பருத்தித் தொட்டிகள். இவ்வளவுதானா என்றும் இருந்தது, இதையெல்லாம் ஏன் காட்டவில்லை என்றும் இருந்தது. மகளோ அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டே, "அப்பா, கேக்குதா?" என்றாள். போனில் நாங்கள் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்போம்.

ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் விண்ணப்பமே கெட்டுவிடும் என்று கம்பெனியில் முன்பே எச்சரித்திருந்தார்கள். நான் எதையும் மூன்று தடவை சரிபார்க்கிறவள். ஐந்தாம் தேதி வந்தோம், அடுத்த மாதம் இரண்டாம் தேதிக்குத் திரும்ப டிக்கெட். ஆனால் மாமியார் போனில், "ரெண்டாம் தேதி அஷ்டமி, மூணு நவமி. சின்னப் புள்ளைய வச்சுக்கிட்டுக் கெளம்பாதம்மா" என்றார். அவர் பேச்சை நான் தட்டியதில்லை. நாலாம் தேதிக்கு மாற்றிக்கொண்டோம். ஐந்தில் வந்து நாலில் கிளம்பினால் ஒரு மாதம்கூட நிறையவில்லையே என்பது எங்கள் கணக்கு.

ஒன்றாம் தேதி, விண்ணப்பத்துக்கு மகளின் புகைப்படமும் எங்கள் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகலும் வேண்டும் என்று கம்பெனியில் கேட்டார்கள். கணவர் வேலைக்குப் போயிருந்ததால் நானே மகளோடு ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். கடையில் நாற்பது வயதிருக்கும் ஓர் அக்கா, கழுத்தில் சின்னச் சிலுவை.

"ஆன்டிய பாரு பாப்பா... அலாமாக், மறுபடியும் கண்ண மூடிட்டா! தூங்குற போட்டோவுக்கு எவன் பாஸ் குடுப்பான்?"

ஒருவழியாகப் படம் எடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாக நகலெடுத்தவர், வந்த தேதியும் முப்பது நாள் அனுமதியும் குத்தியிருந்த முத்திரைப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"எப்ப ஊருக்குப் போறீங்க தங்கச்சி?"

பாஸ் விஷயத்தை வெளியாட்களிடம் பேசாதே என்று கணவர் சொல்லியிருந்தார். இவருக்கு எதற்கு இது? "சீக்கிரமே" என்று மழுப்பினேன்.

"சீக்கிரம்னா எந்த நாளு லா?"

"நாலாம் தேதி."

அவர் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டார். "வந்த நாளே ஒண்ணு. போன மாசத்துக்கு முப்பத்தொரு நாளு. எண்ணுங்க."

எண்ணினேன். மூன்றாம் தேதியோடு முப்பது முடிந்துவிட்டது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். மகளும் கூடவே "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு" என்று விரலை வைத்தாள்.

"எங்க சர்ச்சுல ஒரு பொண்ணு இப்படித்தான் ஒரு நாள்ல மாட்டுச்சு. டிக்கெட்ட மாத்திருங்க மா."

உடனே கணவருக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் அவர் திரும்ப அழைத்தார். மூன்றாம் தேதி மட்டும்தான் இடம் இருந்தது. நவமி. மாமியாரிடம் நான்தான் சொல்லியாக வேண்டும். கடை பெஞ்சில் உட்கார்ந்து, தெரு இரைச்சலில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் தேதியை மறுபடி ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, "இன்னைக்குச் சப்தமி. பரஸ்தானம் வச்சிடு" என்றார்.

நல்ல நாளிலேயே ஒரு பையை மட்டும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றே தொடங்கியதாக அர்த்தம். அப்புறம் எந்த நாளிலும் அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

"இங்க நமக்கு யார் வீடு இருக்கு அத்தை?"

கேட்டுக்கொண்டிருந்த அக்கா குறுக்கே வந்தார். "ஆன்டி, இங்க வைக்கட்டும். நாங்க நாள் எல்லாம் பாக்குறதில்ல. ஆனா பை வைக்க எடம் இருக்கு."

"நீங்க யாரும்மா?"

"போட்டோக் கடைங்க."

"கடைன்னா ஆகாதே. வீடு வேணும்."

"மேல் மாடிதான் வீடு."

"அப்ப சரி."

ஒரு கவுனும் சீப்பும் இருந்த மகளின் பையை, அக்கா மாடிக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் தேதி விமான நிலையம் போகும் வழியில் மூவருமாகப் போய்ப் பையை வாங்கிக்கொண்டோம். "பாவம், ரெண்டு நாளா பிரயாணம் பண்ணியிருக்கு, களைச்சுப் போயிருக்கும்" என்று பையைத் தட்டிக்கொடுத்தார் அக்கா. என் கணவர் அத்தனை நாளில் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். குடிநுழைவு அதிகாரி முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசைமேல் விரலால் ஏதோ எண்ணினார். பிறகு முத்திரை குத்தித் தந்தார்.

நாலு மாதம் கழித்து எங்களுக்குப் பாஸ் வந்தது. பரஸ்தானத்தால் வந்தது என்கிறார் மாமியார், நானும் மறுப்பதில்லை. ஆனால் நகல் எடுக்க வந்தவளுக்கு நகலை மட்டும் எடுத்துக் கொடுத்திருந்தாலே போதும் என்ற இடத்தில், அந்த அக்கா ஒரு நிமிடம் நின்று அதைப் படித்தும் பார்த்தாரே, அந்த ஒரு நிமிடத்தால்தான் நாங்கள் மூன்று பேரும் இன்று ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.