வகுப்பின் கடைசி வரிசையில் மனைவி

முதுகலை வகுப்பில் அவருக்குத் தோழர்கள் வைத்த பெயர் ஜெராக்ஸ். பலகையில் எது விழுந்தாலும் ஓர் எழுத்து பிசகாமல் எழுதிக்கொள்வார். புரிந்ததா என்று கேட்டால் திருதிருவென விழிப்பார். ஸ்டோகாஸ்டிக் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் என்ற பாடம் வந்தபோது முழி இன்னும் பெரிதானது. எந்தப் பக்கம் குலுங்கும் என்று சொல்லவே முடியாத ஒன்றைச் சமன்பாட்டில் கட்டிப்போடும் பாடம் அது. சாதாரணக் கணிதத்தில் மிகச் சிறிய மாற்றத்தின் வர்க்கத்தைக் கண்டுகொள்ளாமல் தள்ளிவிடலாம். இங்கே தள்ளக் கூடாதாம். ஏன் என்பது அவர் மண்டையில் ஏறவேயில்லை.

உடன் படித்த பெண்தான் அவரைக் கேண்டீனில் பிடித்து உட்காரவைத்தாள்.

"முன்னால ஒரு குலுக்கல், பின்னால ஒரு குலுக்கல். ரெண்டும் ஒன்னையொன்னு அடிச்சுக்கும், சரியா? ஆனா வர்க்கம் எப்பவுமே ப்ளஸ்தானே? அது எங்க போய் அடிச்சுக்கும்? சேர்ந்துக்கிட்டேதான் போகும். கடைசில எவ்வளவு நிக்குது பாரு, கழிஞ்ச நேரம் எவ்வளவோ அவ்வளவு!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஜெராக்ஸ் அன்றைக்கு எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். மாமியார் எதிரில் அவரை 'நீங்க' என்பாள், அறைக்கதவைச் சாத்தினால் 'டேய்'. இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார்கள். மகள் பிறந்தாள். குழந்தைக்கு அடிக்கடி இளைப்பு வந்ததால் காப்பகத்தில் விட வழியில்லை. மாமியாருக்கோ முழங்கால் மடங்காது. யாராவது ஒருவர் வீட்டோடு இருந்தாக வேண்டும்.

பால் புட்டியைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "நீ முதல்ல முடி. நான் அப்புறம் பாத்துக்கறேன்."

"சரி" என்றார்.

அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம். பேச்சுக்காவது ஒருமுறை மறுத்திருக்கலாம். வகுப்பில் முதலாவது அவள். தனக்குப் பாடம் புரிந்ததே அவளால்தான். அதெல்லாம் தெரிந்திருந்தும் வாய் முந்திக்கொண்டது.

அவர் டாக்டர் பட்டம் வாங்கினார், பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனார்கள். நிரூபணம் எங்காவது முட்டிக்கொண்டால் முதலில் எல்லாம் அவளிடம்தான் கொண்டுபோவார். அடுப்பைப் பார்த்தபடியே ஓட்டையைச் சொல்லிவிடுவாள். துறையில் பெயர் வந்த பிறகு, மனைவியிடம் கேட்பது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது, கேட்பதை விட்டுவிட்டார். அவள் இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தாள். 'அப்புறம்' தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

மகள் விடுதிக்குப் போன வருடம், துறைத்தலைவரிடம் பேசிவிட்டு வேகவேகமாக வீட்டுக்கு வந்தார்.

"வயசெல்லாம் தடையில்லையாம். நீ திரும்ப ஆராய்ச்சிக்குச் சேரலாம். முதல்ல என் வகுப்புல வந்து உக்காரு, தானா பழகிடும்."

அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யாரோ ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்து மாணவர்கள் கைபேசிகளைப் பதுக்கினார்கள். கொடுத்த கணக்குகளை எல்லாம் சரியாகவே போட்டாள். வர்க்கம் மிஞ்சும் இடம் வந்தபோது, அன்று அவள் சொன்ன வார்த்தைகளிலேயே அவர் சொல்லிக்கொடுத்தார். சொல்லிவிட்டு அவள் முகத்தைத் தேடினார். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

மறுவாரம் அவள் வரவில்லை.

"என்னம்மா, புரியலையா?" என்றார் வீட்டில்.

"ஒன்னுவிடாம புரியுது. புரிஞ்சதும், சரி, கிளம்பலாம்னு தோணுது. முன்னாடி அப்படியா தோணும்? பித்துப் பிடிச்ச மாதிரில்ல அலைஞ்சேன்! அது இப்ப வரமாட்டேங்குதுடா. பிடிச்சு இழுத்தும் பாத்துட்டேன்."

"கொஞ்ச நாள் போகட்டுமே…"

"வேண்டாம். உன்மேல கோவமெல்லாம் ஒன்னும் இல்ல. நல்லாத்தான் சொல்லித் தர்ற."

ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கேட்க வேண்டிய மன்னிப்பை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று தெரியாமல், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அவள் மறுநாளைக்கு வேண்டிய புடவையை இஸ்திரி போடப் போய்விட்டாள்.

காலையில் துறைத்தலைவர் அறைக்குப் போய், மனைவி சேரவில்லை என்றார்.

"அதனால என்ன சார், அடுத்த வருஷம் சேரட்டுமே" என்றார் தலைவர்.

"இல்ல சார். நான்தான் ரொம்ப லேட்டாக் கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.