தவறான வழியில் போனால் டில்லி சாவார்

தப்பான விடைகளை நம்பும்படி எழுதுவதுதான் எங்கள் தொழில். சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். படிப்பவர் ஒரு நொடியாவது தடுமாறும்படி தப்பான விடையை எழுதத்தான் எங்களுக்குச் சம்பளம்.

ஆன்லைன் பயிற்சியில் ஒரு கதை ஓடிக்கொண்டே வந்து சட்டென்று நிற்கும். ‘இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு மூன்று பொத்தான்கள் வரும். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வழி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு முடிவு. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்றைக் கொடுத்திருப்பார்கள், நீங்களும் டீ குடித்துக்கொண்டே அடுத்தது, அடுத்தது என்று தட்டித் தள்ளியிருப்பீர்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. எழுதுகிறவர்களும் தட்டுகிறவர்களும் ஒரே படகில் மாட்டிக்கொண்டவர்கள்தான். அதனால் உங்களிடம் மனம்விட்டுச் சொல்லலாம்.

அப்பாவின் சந்தேகம்

எங்கள் அலுவலகம் வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே புதுத்துணிக் கஞ்சி வாசம் மூக்கில் ஏறும். இரண்டு தெரு தள்ளி அப்பாவின் பாத்திரக்கடை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து கடை போட்டவர். எம்.ஏ. முடித்த மகள் கடையில் உட்காராமல் இதற்கா போகிறாள் என்று அவருக்கு ஒரு குறை.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு மாடி ஏறி வந்தவருக்கு என் கம்ப்யூட்டரில் கதையின் வரைபடத்தைக் காட்டினேன். ஒரு கட்டத்திலிருந்து மூன்று, அந்த மூன்றிலிருந்து இன்னும் பல என்று கோடு கோடாகப் பிரிந்து போவதை மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். பிறகு தூக்கைத் திறந்து மீன் குழம்பை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: “சரியான வழி ஒனக்குத் தெரியும்லா? அத மட்டும் சொல்லிட்டுப் போயேன்ட்டி. எதுக்கு மூணு வழிய வச்சு ஆள அலைக்கழிக்க?”

சிரிக்கும் வெள்ளைக்காரர்

திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டு. பெட்டியின் மேல் பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றைத் தூக்கிப் போக யானை மாதிரி ஒரு பெரிய வண்டி. அது ரிவர்ஸில் பின்னால் வரும்போது ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் சரியாகத் தெரியாது. குறுக்கே போகிற ஆள் நின்று, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, அவர் கை காட்டிய பிறகுதான் போக வேண்டும். யாரும் நிற்பதில்லை. போனைப் பார்த்துக்கொண்டே போய்விடுவார்கள். அதற்குப் பயிற்சி கேட்டு வந்தார் அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருந்த வரதன் சார்.

முதலில் நாங்கள் செய்து கொடுத்தது மகா சுத்தமான பயிற்சி. இணையத்தில் வாங்கிய வெள்ளைக்காரர் படங்கள், மடிப்புக் கலையாத சட்டைகள். எல்லோரும் பாஸ். வரதன் சார் யார்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்: பாஸ் ஆனவர்கள் எல்லாம் வண்டிக்குப் பின்னால் எப்போதும்போல் போய்க்கொண்டிருந்தார்கள். கன்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த டில்லி என்பவரிடம், “எப்படிங்க எல்லாத்தையும் சரியா போட்டீங்க?” என்று கேட்டேன். இது தெரியாதா என்பதுபோல் பார்த்தார். “நீளமா எழுதிகீற பதில அமுக்குனா பாஸு மேடம். அப்பால அந்த வெள்ளக்காரன் ஹெல்மெட்ட மாட்டிகினு சிரிச்சிகினே கீறான். நம்ம யார்டுல எவன் மேடம் சிரிக்கிறான்?”

கதாநாயகன்

சரி, உங்கள் ஆளையே வைத்து எடுப்போம் என்றேன் வரதன் சாரிடம். நடிக்க முதலில் கை தூக்கியவர் டில்லிதான். காசிமேட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். கோயில் திருவிழா நாடகத்தில் வேஷம் கட்டிய அனுபவம் உண்டு என்று அவரே சொன்னார். கதை எளிமையானது. டில்லி பெட்டிகளுக்கு நடுவே நடந்து வருகிறார், வண்டி பின்னால் வருகிறது, கதை நிற்கிறது. சரியான பொத்தானை அமுக்கினால் டில்லி நின்று ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, அவர் கை காட்டிய பிறகு கடந்து போய் டீ குடிப்பார். மற்ற இரண்டு வழியிலும் டில்லி சாவார்.

சாவை வெறும் கறுப்புத் திரையாகக் காட்டிவிடலாம் என்று நான் எழுதியிருந்தேன். டில்லிக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் ஒரு வெள்ளைத் துணி, ஊதுபத்தி, பிரேம் போட்ட தன் படம், ரோஜா மாலை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். படத்துக்குத் தானே மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, கோணலாக இருக்கிறதா என்று எட்ட நின்று பார்த்தார். “வேண்டாம்ங்க, வீட்ல ஏதாவது சொல்லப் போறாங்க” என்றேன். டில்லி மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “சாவறதுன்னு ஆயிப்போச்சி. ஒயுங்கா சாவணும்ல மேடம்?”

தப்பு வழியில் கூட்டம்

எழுத்தாளர்களுக்குப் பரிசு கிடைக்கலாம். எங்களுக்குக் கிடைக்கிற அதிகபட்ச மரியாதை, யாராவது ஒரு பயிற்சியை இரண்டாம் முறை பார்ப்பது. டில்லி செத்த பயிற்சியை யார்டு மொத்தமும் திரும்பத் திரும்பப் பார்த்தது. வேண்டுமென்றே தப்பான பொத்தானை அமுக்கினார்கள். டில்லி மேல் வெள்ளைத் துணி விழும்போது விசிலடித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் டில்லியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவருக்கே போட்டுக் காட்டினார்கள்.

சிரித்துச் சிரித்துத்தான் அது உள்ளே இறங்கியிருக்கிறது. யாராவது போனைப் பார்த்தபடி வண்டிப் பக்கம் போனால் “யோவ், டில்லி ஆயிடாத!” என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வரும். போகிறவர் சட்டென்று நிற்பார். அந்தப் பெரிய வண்டியை ஓட்டும் பாஷா பாய் அதிகம் பேசாத மனிதர். நான் யார்டுக்குப் போயிருந்த அன்று தானாக இறங்கி வந்து சொன்னார்: “பின்னால போறவன் எல்லாம் இப்ப நின்னு என் மூஞ்சியப் பாக்குறான்மா. இத்தினி வருசத்துல என் மூஞ்சிய எவனும் பாத்ததே இல்ல.”

அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சாவுக்கு வந்தவர்கள்

யாரோ அந்த மாலை போட்ட படத்தை மட்டும் போனில் பிடித்து யாருக்கோ அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, போகிற வழியில் அதற்கு அடியில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எண்ணூர் குப்பத்திலிருந்து டில்லியின் சொந்தக்காரர்கள் ஷேர் ஆட்டோ பிடித்து மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று தெருமுனையில் விசாரித்தும் இருக்கிறார்கள்.

டில்லி லுங்கியோடு உட்கார்ந்து நண்டுக் குழம்பில் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அழுதுகொண்டே நுழைந்தவர்கள் அவரைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து இன்னும் சத்தமாக அழுதார்களாம். டில்லி இதை எனக்குப் போனில் சொல்லும்போது சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்கும் எடுத்துப் போக முடியாது, கடையில் திருப்பியும் கொடுக்க முடியாது. அவருடைய மாமா ஆளுயர மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று கேட்டாராம்: “ஏன்டா நைனா, இத்த இப்ப இன்னாடா பண்றது?”

கஸ்தூரி

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். டில்லியின் மனைவி கஸ்தூரி. மறுநாள் மீன் விற்று முடித்த கையோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. எனக்குச் சண்டைக்கு வந்தவர்களைச் சமாளிக்கத் தெரியும். சண்டை போடாமல் நிற்கிறவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. “அந்தப் படத்த எடுத்துடுங்க” என்றார். வெறும் நடிப்புதான், அவரே ஆசைப்பட்டுத்தான் மாலை போட்டார், அதனால் எத்தனையோ பேர் கவனமாகப் போகிறார்கள் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். “எங்கப்பா கடலுக்குப் போனாரு, வரல. படகும் வரல, பாடியும் வரல. மால போட்டா முடிஞ்சிபோச்சின்னு அர்த்தம். அதுக்கோசரம் எங்கம்மா அந்தப் படத்துக்கு இன்னிவரைக்கும் ஒரு பூ வெச்சதில்ல. உசுரோட கீற என் புருஷனுக்கு நீங்க போட்டுட்டீங்களே மேடம்.”

சாக ஆள் தேவை

வரதன் சாருக்குப் படத்தை நீக்க மனமில்லை. தன் சர்வீஸில் வேலை செய்த ஒரே பயிற்சி இதுதான் என்றார். டில்லியோ இரண்டுங்கெட்டானாக நின்றார். யார்டில் அவர் ஸ்டார். வீட்டில் கஸ்தூரி தினமும் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்து, தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாராம். சாயங்காலம் அவர் தலை தெரிகிறவரை அடுப்பு பற்றவைக்கவில்லையாம். “பேஜாரா கீது மேடம், தூக்கிடுங்க” என்றார் கடைசியில்.

மாலையை மட்டும் எடுக்கலாமா என்று பார்த்தேன். வெள்ளைத் துணியும் ஆகாது என்றார் கஸ்தூரி. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அப்படியென்றால் வேறு யாராவது சாக வேண்டும். யார்டு முழுக்கக் கேட்டாயிற்று. சொந்தக்காரர்கள் ஆட்டோவில் வந்த கதை பரவிவிட்டதால் ஒருவரும் சம்மதிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கூட எழுந்து போய்விட்டார்கள். சரி, நீங்களே சாகலாமே சார் என்று வரதன் சாரிடம் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “அடுத்த மாசம் எனக்கு அறுபதாம் கல்யாணம்மா. ஆத்துல கேட்டா என்ன நெனப்பா?”

பொம்மை

ஆக, பொம்மைப் படம் போட்டோம். மஞ்சள் ஹெல்மெட், உருண்டைக் கண். தப்பான பொத்தானை அமுக்கினால் பொம்மை கீழே விழும், தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும். கஸ்தூரிக்கு நான் போன் செய்து சொன்னேன். “நல்லாருப்பீங்க” என்றார். அன்று நேரத்தோடு அடுப்பு பற்றவைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ‘டில்லி ஆயிடாத’ என்று கத்துவதையும் விட்டுவிடச் சொல்லி டில்லியே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டார். அவர்களும் விட்டுவிட்டார்கள். நல்ல மனிதர்கள்.

எங்கள் பக்கத்தில் எல்லாம் எப்போதும்போல் ஆயிற்று. நீளமாக எழுதியிருக்கும் பதிலை அமுக்கினார்கள், பாஸ் ஆனார்கள். பாஷா பாயை ஒருமுறை யார்டு கேட்டில் பார்த்தபோது நானாகவே, “இப்பவும் உங்க மூஞ்சியப் பாக்குறாங்களா பாய்?” என்று கேட்டேன். அவர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “பழைய ஆளுங்க பாக்குறாங்கமா. புதுசா வர்றவனுக்கு நான் யாருன்னே தெரியல.”

வராண்டா

அப்படிப் புதிதாக வந்த ஒருவரின் பெயர் சேகர். எர்ணாவூரிலிருந்து வந்தவர், யார்டில் சேர்ந்து கொஞ்ச நாள்தான். பயிற்சியை முடித்திருந்தார், முழு மதிப்பெண். டில்லி செத்ததைப் பார்க்காத ஆள். வண்டி பின்னால் வந்தபோது போனில் பேசிக்கொண்டே குறுக்கே போயிருக்கிறார். உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பொம்மையால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பழைய படம் இருந்திருந்தால் அவர் நின்றிருப்பாரோ என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மூன்று வழி எழுதிப் பழகிய மனசுக்கு, நடக்காமல் போன அந்த இன்னொரு வழி கண்ணை மூடினாலும் தெரிகிறது. அதில் சேகர் வண்டியைக் கடந்து போய் டீ குடிக்கிறார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் சேகரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில் கஸ்தூரி. டில்லி தூரத்தில் ஜன்னலோரம் முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார், திரும்பவே இல்லை. என்னைப் பார்த்ததும் கஸ்தூரி எழுந்து வந்து படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். படத்தை எடுத்ததையும் சேகருக்கு நடந்ததையும் அவரே முடிச்சுப் போட்டுப் பார்த்திருந்தார். “உசுரோட கீற மன்ஷனுக்கு மால வோணாம்னு தான் கேட்டேன். அது தப்பா மேடம்? நீங்கதானே சரி தப்பு எழுதுறவங்க, சொல்லுங்க.”

சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கும் எங்களை யாரும் படிக்கட்டில் நிறுத்திக் கேள்வி கேட்காத வரைதான் இந்தப் பிழைப்பு ஓடும்.