பி.டி. பீரியட் பாதுகாப்பு மசோதா

போன புதன்கிழமை, என் சொந்த வகுப்பறையிலேயே என் பேச்சை அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீக்கியவள் பத்தாம் வகுப்பு மாணவி. நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது... சிரியுங்கள், சிரியுங்கள்.

திண்டுக்கல் வெயில், மதியச் சாப்பாடு முடிந்த நேரம், சமூக அறிவியல், அதிலும் ‘மாநில அரசு’ பாடம். இத்தனையும் ஒன்று சேர்ந்தால் எந்தப் பிள்ளை முழித்திருக்கும்? எனக்கே கொட்டாவி வரும். அதனால் வாசித்துக் காட்டுவதை விட்டுவிட்டு வகுப்பையே சட்டமன்றமாக்கினேன். ஜன்னல் பக்கத்து பெஞ்சுகள் ஆளுங்கட்சி. சுவர்ப் பக்கம் எதிர்க்கட்சி. என் நாற்காலியில் சபாநாயகர் பவித்ரா. அவள் அப்பா காய்கறி கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். அந்தக் குரல் அப்படியே மகளுக்கும் வந்திருக்கிறது.

“பிளாஸ்டிக் ஒழிப்பு பத்தி ஒரு மசோதா கொண்டு வாங்க” என்றேன். டீச்சருக்கு வேறென்ன தோன்றும்?

ஒருவரும் எழவில்லை. ஆளுங்கட்சியின் கடைசி பெஞ்சிலிருந்து அருள் மட்டும் கேட்டான். “டீச்சர், நமக்கு வேணுங்கிற சட்டத்தப் போடலாமா?”

“போடலாமே!”

போட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. வாரத்துக்கே அது ஒன்றுதான். பள்ளி திறந்ததிலிருந்து அதையும் கணக்கு சார் சவரிமுத்து ‘போர்ஷன் முடிக்கணும்’ என்று எடுத்துக்கொள்கிறார். பந்து பீரோவுக்குள்ளேயே காற்று இறங்கிக் கிடக்கிறது. ஆகவே — ‘பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுப்பதைத் தடுக்கும் மசோதா’.

வகுப்பே மேசையைத் தட்டியது. பதினாறு வருஷ சர்வீஸில் என் பாடத்துக்குக் கிடைத்த முதல் மேசைத் தட்டல்! எனக்கும் உள்ளுக்குள் ஒரே குஷி. சவரிமுத்து சாருக்கு இது வேண்டியதுதான்.

சத்தம் கேட்டு, பக்கத்து வகுப்பிலிருந்து அவரே வந்துவிட்டார். கையில் சாக்பீஸ்.

“என்ன டீச்சர், இது வகுப்பா சந்தையா?”

“உறுப்பினர் உட்காருங்க!” — பவித்ரா. “அனுமதி வாங்காம பேசுனது அவைக்குறிப்புல ஏறாது!”

ஆயுசு முழுக்கப் பிள்ளைகளை உட்காரச் சொன்ன மனிதர்... பொத்தென்று முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மசோதாவை வாங்கிப் படித்தார். பிறகு கையைத் தூக்கினார். அனுமதி கேட்டு!

“ஒரு திருத்தம், சபாநாயகரே. ‘கணக்கு ஆசிரியர்’னு இருக்கிற எடத்துல ‘கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்கள்’னு மாத்துங்க. நான் லீவு போட்ட மூணு வெள்ளிக்கிழமையும் அந்த பீரியட எடுத்தது யாரு? டீச்சர்கிட்டயே கேளுங்க.”

வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“அது வந்து... மேப் கேள்விக்கு மார்க் போயிரக் கூடாதுன்னு—”

“நீக்கப்படுகிறது!” பவித்ரா வகுப்பறைப் பூட்டை எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினாள்.

திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது. சவரிமுத்து சார்தான் எல்லாரையும்விடப் பலமாக மேசையைத் தட்டினார்.

மசோதாவை ஓட்டுக்கு விடும் நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் கார்த்தி எழுந்தான். எதிர்க்க அவனுக்குக் காரணம் வேண்டுமே? “வாரத்துக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டு பீரியட் வேணும். இல்லாட்டி வெளிநடப்பு! ஏலே, அம்புட்டுப் பேரும் வாங்கடா!”

போனார்கள். எங்கே? மைதானத்துக்கு. இரண்டே நிமிஷத்தில் கபடி ஆரம்பமாகிவிட்டது.

ஜன்னல் பக்கம் இருந்த ஆளுங்கட்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் நிதியமைச்சர் எழுந்தார். “டீச்சர், அங்கிட்டு ஒரு ஆள் குறையுதாம். நான் கட்சி மாறிக்கிறேன்.” அடுத்து வேளாண்மை. அவருக்குப் பின்னால் கல்வி அமைச்சரே ஓடினார்.

“இன்னும் செத்த நேரம் போனா சபையில ஆளே இருக்காது டீச்சர்!” பவித்ரா பதறிவிட்டாள். பதற்றத்தில் அப்பாவின் தொழில் வந்துவிட்டது. “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க! ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்! மசோதா நிறைவேறிருச்சு!”

பாடம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்றுதான் இந்தப் பாடு படுகிறோம். புரிந்துவிட்டால் முதலில் நம் மேல்தான் அதைச் செய்து பார்ப்பார்கள் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சட்டமாக வேண்டுமென்றால் ஆளுநர் கையெழுத்து வேண்டுமே? எங்கள் பள்ளிக்கு ஆளுநர், தலைமையாசிரியை. பிள்ளைகள் அவர் அறைக்கு ஊர்வலமாகப் போனார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். “எழுத்து அழகா இருக்கே, யாரு எழுதுனது? வச்சிட்டுப் போங்க, பாக்குறேன்” என்றார். தாளின் மேல் ஒரு பேப்பர் வெயிட்டையும் தூக்கி வைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி பீரியடுக்கு மணி அடித்தபோது, பிள்ளைகள் பந்துக்குக் காற்றடித்துத் தயாராக நின்றார்கள். சவரிமுத்து சாரும் காம்பஸோடு தயாராக வந்தார். மசோதா பேப்பர் வெயிட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

பவித்ரா என்னிடம் ஓடி வந்தாள். பாவம், கண் கலங்கியிருந்தது.

“டீச்சர், ஆளுநர் வேணாம்னு திருப்பி அனுப்பினா மறுபடியும் நிறைவேத்தி அனுப்பலாம்னு புக்குல இருக்கு. இவங்க சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அப்ப என்ன டீச்சர் பண்றது?”

பெரிய பெரிய வக்கீல்களே முழிக்கிற கேள்வி. நான் எம்மாத்திரம்?

“போயி கணக்கப் போடும்மா” என்றேன்.