கிழித்த அட்டை

"லயத்துப் புள்ள லைப்ரரியில போயி என்னா கிழிக்கப்போவுது? புத்தகத்தத்தான்" என்றார் எங்கள் இறப்பர்த் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. முதுமாணிப் பட்டப்படிப்பு மாணவர்களுக்கான நூலக ஆய்வுப் பயிற்சிக்கு நான் தெரிவானதை அம்மா இறப்பர்ப்பால் அளக்கும் இடத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தாள். வரிசை முழுதும் சிரித்தது. கோணிப்போன வலது மணிக்கட்டில் வாளியை மாட்டிக்கொண்டு, "கிழிச்சா ஒங்ககிட்டயே காட்டச் சொல்றேங்க" என்றாள் அம்மா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

இரத்தினபுரியில் இருந்த அந்த நூலகத்தில், பழைய பத்திரிகை நறுக்குகளுக்குத் தலைப்பு அட்டை எழுதிச் சரிபார்ப்பது என் வேலை. 'தீ விபத்து' என்ற அட்டையின் கீழ் நாலு வரிச் செய்தி ஒன்று இருந்தது. யட்டியாந்தோட்டைக்கு மேலே, அடுப்புத் தீ பரவி, தொழிலாளர் குடியிருந்த லயம் எரிந்தது. தீயில் சிக்கித் தொழிலாளி ஒருவர் பலி. அந்தத் தொழிலாளி என் அப்பா.

நான் சிறுமியாயிருந்த அந்த நாளில் எங்கள் அடுப்பு எரியவே இல்லை. காலையில் பஜாரில் நடந்த தமிழ்-சிங்களக் கைகலப்புக்குப் பழிதீர்க்க, பொல்லுத்தடியும் அலவாங்குக் கடப்பாரையுமாக ஒரு கூட்டம் பட்டப்பகலில் மலையேறி வந்தது. கதவு பிளந்தது. அம்மா என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, பின்புறத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினாள். சாக்கின் ஓட்டை வழியே பார்த்தேன். அப்பாவை வாசலில் போட்டு அடித்தார்கள். அவர் அசைவதை நிறுத்திய பிறகும் அடித்தார்கள். அவர்களில் ஒருவன் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முறுக்குத் தின்றவன். "மல்லி, எபா" என்று, 'தம்பி, வேண்டாம்' என அவனிடம் சிங்களத்தில் கெஞ்சிக் கையை நீட்டினாள் அம்மா. அந்தக் கையில்தான் பொல்லு இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கானுக்குள் கேட்டது. பிறகு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். இறப்பர் ஒட்டுப்பால் மூட்டைகள் பற்றிக் கரும்புகை எழும்ப, அம்மா இடது கையால் அப்பாவை இழுத்துக்கொண்டு போனாள். அவர் உடம்பில் ஒரு தீக்காயமும் இல்லை.

தலைப்பை மாற்றவேண்டும் என்றேன். நூலகர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, நறுக்கில கிடக்கிறதைத்தான் அட்டையில எழுதலாம். மாத்திறதெண்டால் வேறை ஆதாரம் எங்கட சேகரிப்பில இருக்கவேணும்" என்றார்.

"ஆதாரம் உசிரோட இருக்குங்க சார். கூட்டிட்டு வரட்டுங்களா?"

அவர் அலுமாரியிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துத் தந்தார்.

அம்மா அதற்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பொல்லு பிடித்தவனின் பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் நிறுத்தினாள். "இன்னும் பஜார்லதான் கட வச்சிருக்கான்" என்றாள். நான் கருவியை நிறுத்தப் போனேன். "ஓடட்டும்டி. நாஞ் சொல்றேன்."

நூலகத்தில் பழைய தலைப்பை அப்படியே அழித்துவிடுவதில்லை. தேடி வருபவருக்கு வழிகாட்ட அதே இடத்தில் வேறொரு அட்டை வைப்பது வழக்கம். அம்மாவின் ஒலிநாடா சேகரிப்பில் சேர்ந்த அன்று நானே எழுதி வைத்தேன்: 'தீ விபத்து. காண்க: கொலை.'

பழைய அட்டையை நூலகரிடம் கேட்டு வாங்கி இரண்டாகக் கிழித்தேன். துண்டுகள் இப்போது கணக்கப்பிள்ளையின் மேசையில் கிடக்கின்றன. அம்மாதான் கொண்டுபோய் வைத்தாள்.