தங்கச்சிக்குத் துவக்குப் பார்த்த கதை

என் தங்கச்சிக்கு நான் பார்த்துக் கொடுத்தவை பல. பள்ளிக்கூடச் சப்பாத்து, கல்யாணக் கூறை, மாப்பிள்ளை, அந்த மாப்பிள்ளை இருப்பதற்கு ஒரு சோபா. கடைசியாக ஒரு கைத்துப்பாக்கி. அதையும் கியூபெக்கில், பியர்பொன்ட்ஸில் என் குசினி மேசையில் இருந்து, கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டுதான் பார்த்தேன்.

தங்கச்சி டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். கணவர் மாரடைப்பில் போய் இரண்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுப்போன பெற்றோல் நிலையத்தையும் அதோடு ஒட்டிய கடையையும் தனியே நடத்துகிறாள். ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கடையின் தூக்குக் கதவைத் திறக்கக் குனிந்தபோது, பின்னால் வந்த ஒருவன் அவள் தோளில் தொங்கிய கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடிவிட்டான். அடி இல்லை, காயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளால் காரை விட்டு இறங்க முடியவில்லை. கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு, திறப்பைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி இருப்பாளாம். முதல் வாடிக்கையாளர் வந்து கண்ணாடியில் தட்டிய பிறகுதான் இறங்குவாளாம். இதை எனக்குச் சொல்ல அவளுக்கு ஒரு மாதம் எடுத்தது. சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னாள்.

"அக்கா, நான் ஒரு துவக்கு எடுக்கப்போறன். உடுப்புக்குள்ளை மறைச்சுக்கொண்டு திரியிற சின்னது. இஞ்சை கனபேர் வைச்சிருக்கினம். நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரே? கடையை வித்துப்போட்டு இஞ்சை வா."

"உங்கடை குளிரிலை விறைச்சுச் சாகிறதுக்கு, இஞ்சை வெடிபட்டுச் சாகலாம்."

யன்னலால் வெளியே பார்த்தேன். அது மாசி மாதம். வாசலில் இடுப்பளவு பனி.

துவக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சத்தம் தெரியும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரர் எவரைக் கேட்டாலும், இது எந்தத் துவக்கு, எவ்வளவு தூரத்தில் வெடிக்கிறது, எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். ஆனால் நான் ஒன்றையும் தொட்டுப் பார்த்ததில்லை. இந்த நாட்டிலோ கைத்துப்பாக்கி விற்பனையே நின்றுபோய்விட்டது. இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தால் நேரே மறியல்தான், கம்பி எண்ணவேண்டும். இருந்தாலும் தங்கச்சி கேட்டுவிட்டாள். நான் சரி சொல்லாமல் அவள் எதுவும் வாங்கியது கிடையாது. சேலைக் கடைக்குள் நின்று வீடியோவில் அழைப்பாள். நான் இங்கிருந்தபடி கரையைக் காட்டு, தலைப்பை விரி, வெளிச்சத்துக்குக் கொண்டு போ என்று கடைக்காரரின் உயிரை எடுப்பேன். துவக்கு மட்டும் எனக்குத் தெரியாது என்று கைவிரித்தால் மூத்தவள் என்ற மரியாதை என்னாவது? ஆகவே படிக்கத் தொடங்கினேன்.

நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் மருந்துப் பெட்டி அடுக்குகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் புட்டையும் மறு கையால் போனையும் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு குட்டிக் கைத்துப்பாக்கியின் படத்தைப் பெரிதாக்கி, அதன் பிடி தங்கச்சியின் கைக்கு அளவாக வருமா என்று என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த கியூபெக்காரப் பெண்மணி சூப் கரண்டியை வாய்க்குக் கொண்டு போனவர், அப்படியே நின்றுவிட்டார். தங்கச்சிக்கு என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் இன்னும் வெளிறினார். தங்கச்சிக்காக வாங்குகிறேன் என்பதைத் தங்கச்சியைச் சுட வாங்குகிறேன் என்று எடுத்தாரோ தெரியாது. அடுத்த நாள் மேற்பார்வையாளர் வந்து, மிகவும் பக்குவமாக, வீட்டில் எல்லாம் சுகமா மேடம் என்று விசாரித்தார். அதன் பிறகு ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. நானும் விளக்கம் சொல்லப் போகவில்லை. பதின்மூன்று வருஷமாக அந்தக் கதிரைக்குத்தான் அடிபட்டுக்கொண்டிருந்தேன்.

படித்ததில் ஒன்று விளங்கியது. பெரிய துவக்கு கையில் அடங்கி நிற்கும், சுடுவது சுகம், ஆனால் ஒளிக்க முடியாது. சின்னது நன்றாக ஒளியும், ஆனால் சுடும்போது கையைப் போட்டு உதறும். இரண்டும் ஒன்றாகக் கிடையாது. மாப்பிள்ளை பார்த்த காலத்திலும் இதே பிரச்சினைதான்.

என் கணவர் துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுக்கும் லொறி ஓட்டுகிறவர். உலகத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத பொருள் கிடையாது.

"இஞ்சேரும், உது ஆருக்கு?"

"தங்கச்சிக்கு."

"அவ கரப்பான் பூச்சிக்கே மருந்தடிக்க மாட்டா. அடிச்சுப்போட்டு அழுவா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களை இப்ப ஆரும் கேட்டவையே என்று எரிந்து விழுந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். நான் குறித்து வைத்திருந்த ஊதா நிறத் துவக்கைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிறம் வடிவாயிருக்கு எண்டு துவக்கு எடுக்கிறதே? உது கலியாண வீட்டுக்கோ போகப்போகுது?"

நான் செய்த பிழை, ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளிடம் ஒரு வார்த்தை கேட்டது. ஒருத்தருக்கும் சொல்லாதையும் என்று இரண்டு தரம் சொல்லித்தான் கேட்டேன். பின்னேரத்துக்குள் போனில் இருக்கும் குடும்பக் குழுவில் ஒரே அமளி. லண்டன் ஒருவிதம், பாரிஸ் ஒருவிதம். சித்தப்பா ஒருவர் தங்கச்சியின் சாதகத்தையே கேட்டு எழுதியிருந்தார். மறைத்து வைக்கும் துவக்கு என்றால், அது இருப்பது பிறத்தியாருக்குத் தெரியக்கூடாது. அதுதான் அதன் முழு உபயோகமும். எங்கள் துவக்கு வாங்க முன்னமே நான்கு நாட்டுக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய சண்டை துவக்கு வாங்கும் நாளைப் பற்றி வந்தது. தங்கச்சிக்குக் கடையை ஒப்படைக்க ஆள் கிடைப்பது சனிக்கிழமை மட்டும்தான். மச்சாள் ஒரே பிடியாக நின்றார்.

"சனிக்கிழமையிலை ஆராவது இரும்பு வாங்குவினமே? சட்டி கூட வாங்கப்பிடாது. இது துவக்கு!"

குழுவில் எல்லோரும் கும்பிடும் கைப் படத்தைப் போட்டு ஆமோதித்தார்கள். இரண்டு நாள் காரியம் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் என் கணவர் சாப்பாட்டு மேசையில் இருந்து எழும்பி, கை கழுவாமலே அறிவித்தார்.

"இப்ப வாற துவக்கு பாதி பிளாஸ்டிக். பிடி, சட்டம் எல்லாம் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வாங்கச் சனி தடையில்லை."

மச்சாள் யோசித்துவிட்டு, பாதி எண்டால் பரவாயில்லை என்று ஒத்துக்கொண்டார். அப்படித்தான் நாங்கள் பிளாஸ்டிக் சட்டம் வைத்த துவக்கைத் தெரிவு செய்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கச்சி துவக்குக் கடைக்குள் நின்று வீடியோவில் அழைத்தாள். என் பக்கம் நானும் கணவரும் லீக்ஸும். திரையின் இன்னொரு கட்டத்தில் மச்சாள். கடைக்காரர் நெஞ்சு வரை தாடி வைத்த, நல்ல உயரமான கிழவர். இவர்கள் எல்லாம் யார், வக்கீல்களா என்று கேட்டார். அக்கா என்று தங்கச்சி சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார். அந்த மரியாதைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போனது.

நான் சேலைக் கடை முறைப்படி தொடங்கினேன். அதைக் காட்டு, இதைக் காட்டு, பின்பக்கம் திருப்பு, வெளிச்சத்துக்குக் கொண்டு போ. அவர் ஒவ்வொன்றையும் எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டி, பிறகு கையில் கொடுத்தார். பதினொன்று எடுத்துப் போட்டும் முகம் சுளிக்கவில்லை. நாங்கள் விரும்பிய பிளாஸ்டிக் துவக்கின் மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கவேண்டும். தங்கச்சிக்கு விரல் மூட்டு நோ. இழுத்தாள், அசையவில்லை.

"தேங்காய் திருவிற மாதிரி நினைச்சுக்கொண்டு இழு!" என்று மச்சாள் ரொறன்ரோவில் இருந்து கத்தினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அது அரைவாசி வந்து திரும்பிப் போனது. சரி, கை பழகிவிடும், முதலில் எங்கே ஒளிப்பது என்று பார்ப்போம் என்றார் கிழவர். பழகுவதற்கென்று வைத்திருந்த நீல நிறப் பொம்மைத் துவக்கு ஒன்றை உறையோடு அவள் இடுப்பில் செருகச் சொன்னார். தங்கச்சி உடுத்தியிருந்தது குர்த்தாவும் இலாஸ்டிக் வைத்த காற்சட்டையும். உறை கீழே புறப்பட்டது, அதோடு காற்சட்டையும் புறப்பட்டது. அவள் போனைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் எங்களுக்குக் கடையின் கூரை மட்டும் தெரிந்தது. நாடா கட்டு, நாடா கட்டு என்று மச்சாள் கூரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனிக் கைப்பைதான் என்று முடிவாகியது. கிழவர் பொம்மையைப் பைக்குள் வைத்து, நான் எண்ணுகிறேன், எடுங்கள் என்றார். ஒன்று என்றதும் திருநீற்றுப் பொட்டலம் வந்தது. பிறகு தைலப் போத்தல், மடக்குக் குடை, பாதி மிக்சர்ப் பை, கோயில் நாட்காட்டி. இருபதில் "ஆ, பிடிச்சிட்டன்!" என்று வெற்றியோடு ஒன்றை எடுத்து நீட்டினாள். மூக்குக் கண்ணாடிக் கூடு. அதைக் கிழவரின் வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கையைத் தூக்கிச் சரணடைந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் என் கணவருக்குப் புரைக்கேறிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் கிழவர் சாந்தமாகச் சொன்னார். அவன் பறித்தது கைப்பையை. துவக்கு அதற்குள் இருந்திருந்தால் துவக்கும் அவனிடம் போயிருக்கும். இதை எங்கள் நான்கு நாட்டுக் குழுவில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்த ஆள் முன்னால் வந்து நின்றால் நீங்கள் சுடுவீர்களா?

"சுடுவாள்," என்றேன் நான்.

அவர் போனை நேராகப் பார்த்து, உங்களை இல்லை மேடம், அவரைக் கேட்கிறேன் என்றார்.

ஐம்பத்தைந்து வருஷத்தில் எனக்கு அப்படி ஒருவரும் சொன்னதில்லை. கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தேன். தங்கச்சி பொம்மைத் துவக்கைப் பைக்குள் தேடுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. அவன் பையைப் பறிச்சுக்கொண்டு ஓடேக்கை, படி ஈரம், பாத்துப் போ எண்டு சொன்னனான்."

முதலில் என் கணவர் வெடித்துச் சிரித்தார். பிறகு மச்சாள். பிறகு நான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவளின் வாய் கோணியது.

"நல்லாச் சிரியுங்கோ. இவ்வளவு நாளும் என்ன துவக்கு, என்ன நிறம், என்ன நாள் எண்டு எல்லாரும் கேட்டியள். உனக்குப் பயமா இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய கையின் அளவு எனக்குத் தெரியும், விரல் நோ தெரியும், பையின் நிறம் தெரியும். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

"பயமே, பிள்ளை?"

"ஓம் அக்கா. சரியான பயம்."

கிழவர் கண் துடைக்கும் கடதாசிப் பெட்டி ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு, கடையின் மறு கோடிக்குப் போய், தூசியே இல்லாத ஒரு கண்ணாடி அலுமாரியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவள் அழுது முடித்தபின் திரும்பி வந்தார். யோசித்த பிறகும் துவக்கு வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், முதலில் சுடப் பழக்குகிறேன், பிறகு விற்கிறேன் என்றார். அதற்கு முன்னால் வாசலுக்கு ஒரு பெரிய விளக்குப் போடுங்கள், தனியாகத் திறக்காதீர்கள் என்றார். பதினொரு துவக்கு எடுத்துக் காட்டிய மனிசனை வெறுங்கையோடு விட்டுவிட்டு வருவது எங்கள் பழக்கமில்லை. நான் சொல்லி, தங்கச்சி ஒரு வேட்டைக்காரத் தொப்பி வாங்கினாள். அதில் இரும்பு இல்லை என்பதை மச்சாள் உறுதிப்படுத்திக்கொண்டார்.

விளக்குப் போட்டாயிற்று. தனியாகத் திறக்காமல் இருக்கத்தான் வழியில்லை. அவளுக்குக் காலை ஆறு மணி என்றால் எனக்கு ஏழு மணி. அது நான் புவாண்ட்-கிளேர் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம். திங்கட்கிழமை பஸ் தரிப்பில் நின்று அழைத்தேன். காருக்குள் இருப்பதாகச் சொன்னாள். இறங்கு, கெதியாய்த் திற என்று நுனி நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, போனைக் காதோடு பிடித்தபடி நின்றேன். என் காதும் மூக்கும் மரத்துப் போயின. பஸ் வந்தது. சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். போங்கள் என்று கை காட்டினேன். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகும் கன நேரம் சென்றுதான் அந்தப் பக்கம் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய சப்பாத்துச் சத்தம். பிறகு திறப்புக் கோர்வை குலுங்கியது. அவள் இப்போது குனிகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று இங்கே நின்று நான் எப்படிப் பார்ப்பது? தரிப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அக்கா, மூச்சு வாங்குது? பயமே?"

"ஓம்."

"உங்களுக்கென்ன விசரே? நான் எல்லே இஞ்சை நிக்கிறன்," என்றாள் தங்கச்சி, கதவைத் தூக்கிக்கொண்டு.