புகை எந்தப் பக்கம் போகும்

கடைக்குள் இருட்டு

மின்விசிறி நின்றது. வாடிக்கையாளர் என்னைப் பார்த்தார். நான் ஜெனரேட்டர்களைப் பார்த்தேன். ஜெனரேட்டர் விற்கும் கடையில் கரண்ட் போனால் விற்பவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இந்தத் தொழிலில் யாரும் சொல்லித்தருவதில்லை.

சிறிதும் பெரிதுமாக வரிசையில் நின்ற எதிலும் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது. ஒருமுறை ஊற்றி ஓட்டிவிட்டால் அது புதுச் சாமான் இல்லை என்பது எங்கள் முதலாளியின் கொள்கை. கடையின் சொந்த உபயோகத்துக்கென்று ஒன்று உண்டு. அதை ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு அனுப்பியிருந்தார். நான் ஒரு விலைப்பட்டியலை எடுத்து விசிறிக்கொண்டேன். மரியாதைக்கு அவருக்கும் ஒன்று கொடுத்தேன்.

அவர் பெயர் தேசிங்கு. திருவொற்றியூரில் ஒரு மீனவர் குப்பத்தில், படகுகளைக் கடலிலிருந்து மணலுக்கு இழுத்துப்போடும் ஊர்ப் பொது டிராக்டரை ஓட்டுபவர். ராயபுரத்தில் உள்ள எங்கள் கடை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். விலைப்பட்டியலால் விசிறிக்கொண்டே சொன்னார்:

“நைனா, ஜெனரேட்டர் விக்கிற நல்ல கட ஒண்ணு எனுக்குத் தெரியும். சொல்லட்டா?”

என்ன ஓட வேண்டும்

கரண்ட் வந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வீட்டில் என்னென்ன ஓட வேண்டும்? இதற்கு யாரும் உண்மை சொன்னதில்லை. “ஒரு பேன், ரெண்டு லைட்டு” என்பார்கள். இறக்கிவைக்கப் போனால் ஏ.சி., கிரைண்டர், மோட்டார் எல்லாம் காத்திருக்கும். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். குறை சொல்லவில்லை. கேட்கும் இடத்தில் இருப்பதால் தெரிகிறது.

தேசிங்கு ஒன்றே ஒன்று சொன்னார். ஆக்சிஜன் மிஷின். அவர் மனைவி கோட்டீஸ்வரிக்கு நுரையீரல் கெட்டுப்போய், நாள் முழுக்க மூக்கில் குழாய். மிஷின் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். கரண்ட் போனால் நின்றுவிடும். அப்புறம் இன்வர்ட்டர், அது தீர்ந்தால் ஒரு சிறிய சிலிண்டர். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் இரண்டும் தீர்ந்த பிறகும் வராது. வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பழக்கதோஷத்தில், கூடவே ஒரு விசிறியும் விளக்கும் சேர்த்துக்கொள்ளலாமே என்றேன்.

“நாங்க இருட்டுல கெடப்போம், நைனா. அவ மூக்குக்கு மட்டும் கரண்ட் குடு.”

முதலாளியின் டிபன் பை

கடையின் பின்பகுதியில் ஒரு சாமான் நெடுநாளாக நின்றிருந்தது. டிராக்டரின் பின்னால் மாட்டி ஓட்டும் ஜெனரேட்டர். அதற்குத் தனி எஞ்சின் இல்லை. டிராக்டரின் பின்புறம் சுழலும் தண்டுதான் அதைச் சுற்றும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு விவசாயி சொல்லிவைத்துவிட்டு, அப்புறம் நிலத்தையே விற்றுவிட்டார். அதிலிருந்து முதலாளி தன் டிபன் பையை அதன் கொக்கியில்தான் மாட்டுகிறார்.

வந்தவர் டிராக்டர் ஓட்டுபவர் என்று காதில் விழுந்ததும், தூத்துக்குடிக்காரரான எங்கள் முதலாளி எழுந்துபோய் டிபன் பையைத் தன் கையாலேயே கழற்றினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. “தெருவுக்கே வெளிச்சம் குடுக்கலாம் அண்ணாச்சி” என்றார்.

நான் குறுக்கே பேசினேன். இது வயலுக்கும் பண்ணைக்கும் சரி. டிராக்டர் ஓடும் வேகம் ஏறி இறங்கினால் கரண்டும் ஏறி இறங்கும், மருத்துவ மிஷினுக்கு ஆகாது. ஒரு மூக்குக்குழாய்க்காக அவ்வளவு பெரிய எஞ்சின் மணிக்கணக்கில் டீசல் குடிக்கும். இரண்டு பேர் தூக்கக்கூடிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் போதும். முதலாளி இருமினார். தேசிங்கு இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார்.

“முப்பத்தஞ்சு குதிர சக்தி டிராக்டர கைல வெச்சிகினு, நாலு குதிரய எதுக்கு நைனா துட்டு குட்த்து வாங்கணும்?”

காற்றடிக்கும் நாள்

டிராக்டர் ஜெனரேட்டருக்குக் கேபிள் நீளம் அளக்க அவர் வீட்டுக்குப் போனேன். சந்தில் டிராக்டர் நுழையாது. தெருமுனையில் நிறுத்தி, அங்கிருந்து கேபிள் இழுப்பது அவர் திட்டம். ஊரிலும் பேசிவிட்டாராம். சும்மா நிற்கும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

கோட்டீஸ்வரி கட்டிலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் மிஷின், சின்ன பீரோ உயரத்தில், பெருமூச்சு விட்டபடி ஓடியது. நான் டேப்பை நீட்ட, தேசிங்கு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். அந்த அம்மா என்னைக் கேட்டார்.

“கரண்ட் எப்ப தம்பி போவும்?”

“காத்து பலமா அடிச்சா நிறுத்திடுவாங்கம்மா.”

“யோவ், இங்க வா” என்று கணவரைக் கூப்பிட்டார். “காத்தடிச்சா போட்டெல்லாம் இன்னா பண்ணுவீங்க?”

“இன்னா பண்ணுவாங்க? மேட்டுக்கு இஸ்து போடணும்.”

“எத்தினி போட்டு?”

“குப்பத்துப் போட்டு அத்தினியும்தான்.”

“எதால இஸ்து போடுவ?”

தேசிங்கு டேப்பை விட்டுவிட்டார். அது சரசரவென்று சுருண்டு என் கைக்குள் வந்தது. அந்த அம்மா ஒரு இறாலை உரித்து முடித்தார். மூச்சு வாங்கியது. பிறகு என்னிடம் சொன்னார்:

“காத்தடிக்கிற அன்னிக்கு இவுரும் கரைல இருப்பாரு, டிராக்டரும் கரைல இருக்கும். நா மட்டும்தான் தம்பி இங்க கெடப்பேன்.”

எங்கே வைப்பது

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரே முடிவானது. சாவி போட்டாலும் கிளம்பும், கயிறு இழுத்தாலும் கிளம்பும். முதலாளி டிபன் பையை மறுபடியும் கொக்கியில் மாட்டினார்.

ஜெனரேட்டர் வாங்குகிறவர்கள் சத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள், பெட்ரோலைப் பற்றிக் கேட்பார்கள். புகையைப் பற்றி நாங்களாகத்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் அந்தப் புகையிலுள்ள விஷவாயு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும். கதவு, ஜன்னலிலிருந்து தள்ளி, வெட்டவெளியில் வைக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டுவார்கள். பெரம்பூரில் ஒருவர் அப்படித் தலையாட்டிவிட்டு, குளியலறையில் இறக்கச் சொன்னார். மழை படாதாம், திருடு போகாதாம். புகை எப்படிப் போகும் என்று கேட்டேன். எக்ஸாஸ்ட் பேனைக் காட்டினார். கரண்ட் இல்லாதபோது அது எப்படி ஓடும் என்றேன். என்மேல் இரக்கப்பட்டது போலப் பார்த்தார்.

“அதுக்குத்தானே சார் ஜெனரேட்டரே வாங்கறேன்?”

எதிர்வீட்டுக்காரர்

தேசிங்கு வீட்டில் வெட்டவெளி என்பது சந்துதான். சந்துக்கு அந்தப் பக்கம் மாணிக்கத்தின் வீடு. அவர் மணலியில் கண்டெய்னர் யார்டில் இரவுக் காவல். பகல் முழுக்கத் தூக்கம். நான் சோதனைக்கு ஓட்டிக்காட்டியது காலை பத்து மணி வாக்கில்.

ஜன்னல் திறந்தது. மாணிக்கத்தின் முகம் வந்தது. “இன்னாய்யா இது, கப்பலா?” என்றார். நான் விளக்கினேன். வாரத்துக்கு ஒருமுறை சும்மாவாவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் பிசுக்காகி அடைத்துக்கொள்ளும், பேட்டரி இறங்கிவிடும். அவர் என்னை விட்டுவிட்டு, தேசிங்கைப் பார்த்துப் பேசினார். தேசிங்கும் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தார். சட்டென்று குரல்கள் உயர்ந்தன. யார் வீட்டுக் கழிவுநீர் யார் வாசலில் ஓடுகிறது என்பது வரை போயிற்று. நான் கேபிளைச் சுருட்டினேன்.

“பொண்டாட்டிக்கு மூச்சு வேணும், சரி. எனுக்குத் தூக்கம் வேணாவா? நீ வாரா வாரம் இத்த ஓட்டு, நா வாரா வாரம் இங்க வந்து நிக்கறேன்.”

மழை நாள்

மழை நாளில் ஜெனரேட்டர் விற்றவனுக்கு வரும் போனில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. “சாவி போட்டா கிர்ருனு கூட சொல்லலன்னு அவ போன் பண்றா நைனா” என்று தேசிங்கு கத்தினார். பின்னால் காற்றும், டிராக்டரும், பல பேர் ஒரே குரலில் கூவுவதும் கேட்டது. “பாதி போட்டு இன்னும் கீழ கீது. என்னால எறங்க முடியல. நீ கொஞ்சம் போயேன்.”

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கடல்நீர் தெறித்தது. வீட்டில் இன்வர்ட்டர் தீர்ந்து, கோட்டீஸ்வரி சிலிண்டரில் இருந்தார். அதன் முள் கடைசிச் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை என்று மிஷினின் அலாரம் கீச்கீச்சென்று கத்தியது. அந்த அம்மா கையால் வெளியே காட்டினார்.

ஜெனரேட்டர் வாசலில் தார்ப்பாய்க்குள் இருந்தது. பேட்டரி செத்திருந்தது. கயிற்றை இழுத்தேன், கிளம்பவில்லை. கார்புரேட்டரைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் தேன் நிறத்தில் பிசுபிசுத்தது. நான் ஓட்டிக்காட்டியதோடு சரி, இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட ஓட்டவில்லை. மழையில் அதைத் துடைக்கவும் முடியாது. முதுகால் மறைத்துக்கொண்டு குனிந்தேன். திடீரென்று என்மேல் மழை விழுவது நின்றது. நிமிர்ந்தால், மாணிக்கம் தார்ப்பாயின் இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்திருந்தார்.

“ஏன் கெளம்பல?”

“வாரா வாரம் ஓட்டணும். ஓட்டல.”

அவர் தார்ப்பாயை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். நான் பழைய பெட்ரோலை வடித்து, துவாரத்தை ஊதி, என் வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்து ஊற்றினேன். கயிறு இழுத்து இழுத்து என் தோள் போயிற்று. அவர் தார்ப்பாயை என்னிடம் கொடுத்துவிட்டு இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். பிடித்துக்கொண்டது.

மிஷின் கத்துவதை நிறுத்திப் பெருமூச்சு விடத் தொடங்கியது. அதே வேகத்தில் கடல் காற்று புகையை அள்ளி நேராக அந்த வீட்டு வாசலுக்குள் தள்ளியது. உள்ளே இருமல் கேட்டது. கதவைச் சாத்தினால் கேபிள் போக வழியில்லை. சந்தில் வேறு எங்கே வைத்தாலும் மழை.

மாணிக்கம் ஜெனரேட்டரின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். “தூக்கு” என்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கினோம். தூக்கக் கூடாதுதான். அவர் வீட்டு வாசலில் இறக்கியிருந்த தகரக் கூரைக்கு அடியில் வைத்து, புகைக்குழாயை அவர் வீட்டுப் பக்கமாகவே திருப்பினோம்; புகை அவர் ஜன்னலுக்குள் போயிற்று. சந்தைக் கடக்கக் கேபிள் சரியாகப் போதுமாக இருந்தது.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கோட்டீஸ்வரி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மார்பு மெல்ல ஏறி இறங்கியது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“எல்லாப் போட்டும் ஏறிடுச்சாமா?”

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதிரே மாணிக்கம் தன் ஜன்னலைச் சாத்தினார். கதவைப் பூட்டினார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில் தெருமுனையை நோக்கி நடந்தார்.